கறுப்பு பெல்ட் வாங்கிய முயல்

ஒரு காட்டில் ஆமை ஒன்று கராத்தே வகுப்பு நடத்தியது. அது யாரையாவது உதைத்து யாரும் பார்த்ததில்லை. உதைக்கிற அளவுக்கு அதன் கால் ஓட்டுக்கு வெளியே வந்ததும் இல்லை. ஆனாலும் ஆலமரத்தில் பெரிய பேனர் தொங்கியது: 'உங்கள் பிள்ளைக்கு விடாமுயற்சி வேண்டுமா?' எந்தப் பெற்றோர் வேண்டாம் என்பார்கள்? தங்களிடம் இல்லாததை எல்லாம் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதுதானே அவர்கள் பிழைப்பு.

செவந்தி என்ற முயல் தன் மகன் துள்ளானை இழுத்துக்கொண்டு வந்தது.

"எதை ஆரம்பிச்சாலும் பாதியில விட்டுர்றான் மாஸ்டர். கீபோர்டை விட்டான், செஸ்ஸை விட்டான். பக்கத்து வளைப் பையன் பிரவுன் பெல்ட்டே வாங்கிட்டான்."

"விட்டுட்டுப் போங்கம்மா. பாறையாக்கித் தர்றேன்" என்றது ஆமை.

முதல் பாடம், ஓடக் கூடாது, ஓடுகிறவன் கோழை. தனக்கு வராததைக் கேவலம் என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எல்லாக் காட்டிலும் உண்டு. அடுத்த பாடம், எதிரி வந்தால் முதலில் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். அவன் பதில் வணக்கம் வைத்த பிறகே கை ஓங்கலாம்.

துள்ளான் காலை அகட்டி, முட்டியை மடக்கி, மணிக்கணக்கில் நின்றது. "வீட்டுக்குப் போலாம்மா" என்று அழுதது. செவந்தி அதை வீடியோ எடுத்து, 'என் சிங்கக்குட்டி' என்று ஸ்டேட்டஸ் வைத்தது. முயல் பெற்றதை முயல் என்று சொல்ல அப்படி என்ன வெட்கமோ!

கறுப்பு பெல்ட் தேர்வு வந்தது. பெற்றோர் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். துள்ளான் நடுவில் வந்து நின்ற நேரம், புதரிலிருந்து ஓநாய் ஒன்று வெளியே வந்தது. ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது. மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். செவந்தியும் ஒரே பாய்ச்சலில் மேட்டின் மேல் ஏறிவிட்டது.

"அம்மா, ஓடி வந்துரட்டுமா?" என்று கத்தியது துள்ளான். ஓநாய் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. முயலாகப் பிறந்த எதுவும் தப்பித்துவிடக்கூடிய தூரம்.

"ஓடாதடா! பெல்ட் போயிரும்!" என்று மேட்டிலிருந்து செவந்தி கத்தியது.

"நில்லு! மூச்சை நல்லா இழுத்து விடு!" என்று ஓட்டுக்குள்ளிருந்து மாஸ்டர் கத்தியது.

துள்ளான் நின்றது. குனிந்து வணக்கம் வைத்தது. ஓநாய் பதில் வணக்கம் வைக்கவில்லை. குனிந்த கழுத்து அதற்கு ரொம்ப வாகாக இருந்தது.

ஓநாய் ஏப்பம் விட்டுப் போன பிறகு ஆமை தலையை நீட்டியது.

"கடைசி வரைக்கும் அசையலையேம்மா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்டூடண்டைப் பார்த்ததே இல்ல" என்று கறுப்பு பெல்ட்டைச் செவந்தி கையில் கொடுத்தது. செவந்தி விம்மி விம்மி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெல்ட்டோடு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னது.

மறுநாள் பேனரில் துள்ளானின் படம் ஏறியது. ஆலமரத்தைச் சுற்றிப் பெற்றோர் வரிசை நீண்டது. வரிசையில் முதலில் நின்றது செவந்தி, கையில் இளைய மகள்.

"இவளும் எதையும் பாதியில விட்டுர்றா மாஸ்டர்."

நீதி: விடாமுயற்சி கட்டாயம் பலன் தரும். யாருக்கு என்பதை ஓநாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.