மருமகள் போட்ட கோடைத் திட்டம்

மதிப்பும் பாசமும் மிகுந்த அண்ணாவுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே அண்ணியும் தங்கள் முதுகும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

விஷயம் என் மருமகளைப் பற்றியது. நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் ஒன்றை அவளும் நான்கு நண்பர்களும் வேலை நேரம் போகப் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். திறந்த மூல மென்பொருள் என்று பெயர். கோடையில் மூன்று மாதம் நிரல் எழுதிப் பழக, மாணவர்களை இப்படிப்பட்ட குழுக்களோடு சேர்த்துவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் இவர்கள் திட்டம் 'தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் திரும்பினால் நண்பர்களில் இரண்டு பேர் விலகிவிடுவார்கள் என்றாள்.

ஆகவே என்னைப் பிடித்தாள். "மாமா, இதுல ஒன்னுமே தெரியாத ஒருத்தருக்குப் புரிஞ்சாதான் திட்டம் சரியா இருக்குன்னு அர்த்தம். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" முப்பத்திரண்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவனை, ஒன்றும் தெரியாதவன் என்று இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவர் முழுக்கத் தாள் ஒட்டி, ஆறு வேலை, ஆறு மாணவர், ஆளுக்கொரு வழிகாட்டி, எந்த வாரம் எது முடிய வேண்டும் என்றெல்லாம் எழுதினாள். நான் புரியலைம்மா என்றேன், கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். ஒன்பது முறை இப்படி, ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை, நானாயிருந்தால் மூன்றாவது முறையே மாமனாரை மாற்றியிருப்பேன். நடுவில் ஒரு நாள் அவள் திரையில் கூட்டம் நடத்திக்கொண்டிருக்க, முகமெல்லாம் சவர நுரையும் இடுப்பில் துண்டுமாகக் கண்ணாடியைத் தேடிப் பின்னால் போய்விட்டேன். "இவர்தான் எங்க வாசகர்" என்று கூசாமல் அறிமுகம் செய்தாள். வந்ததற்கு ஏதாவது கேட்போமே என்று, "வழிகாட்டிக்குக் காய்ச்சல் வந்தா அந்தப் புள்ளைய யாரும்மா பாத்துக்குவா?" என்றேன். அன்றைக்கே ஆளுக்கு இரண்டு வழிகாட்டி என்று மாற்றினார்கள். அந்தப் பெருமையில் மறுநாள் சுவரைத் துடைக்கிறேன் பேர்வழி என்று தாள்களையெல்லாம் கழற்றி, அளவுவாரியாக அடுக்கிவைத்தேன். வந்து பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தரையில் பரப்பி மறுபடி வரிசைப்படுத்தும்போதுதான் இரண்டாவது வேலையும் ஐந்தாவது வேலையும் ஒன்றே, பெயர்தான் வேறு என்று தெரிந்தது. ஆறு ஐந்தாயிற்று. "நல்லவேளை கலைச்சீங்க மாமா" என்றாள்.

நேற்று பதில் வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவான திட்டம் இந்த வருடம் வேறு வரவில்லையாம். படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் பார்க்காததுபோலச் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தலைகீழாக.

ஆகவே அண்ணா, கோடையில் ஐந்து மாணவர்கள் வருகிறார்கள். மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். தச்சரிடம் கட்டிலுக்குச் சொல்லியாயிற்று. தங்கள் பரணில் இருக்கும் மெத்தைகளை உடனே வண்டியில் ஏற்றி அனுப்பவும். யார் எப்போது குளிப்பது என்று வாரவாரியாக நானே அட்டவணை போட்டுவிட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகள் நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையுமாக இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி

பி.கு.: உறையில் போடும் முன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். மெத்தை பற்றிய வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "மாமா, யாரும் இங்க வரமாட்டாங்க. அவங்கவங்க ஊர்ல, அவங்கவங்க வீட்ல இருந்தே எழுதுவாங்க." "அதை நீ எங்கேயும் எழுதலையேம்மா" என்றேன். அவள் தெளிவான அந்தத் திட்டத்தைத் திறந்து, முதல் வரியாக அதைச் சேர்த்தாள். மெத்தை வேண்டாம். தச்சரிடம் என்ன சொல்வது என்று மட்டும் தெரிவிக்கவும்.