பின்னால் போகாத வண்டியின் அங்க அடையாளங்கள்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் ஆவணப் பிரிவு மேற்பார்வையாளனாக இருபத்தாறு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த ஒருவன், தன் ஐம்பத்தோராவது வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குவது எந்தச் சட்டத்தாலும் தடை செய்யப்படவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் பழசுக்கு ஏக மவுசு. அதற்கு முந்தைய வருடம் எல்லாரும் உடல்நலத்துக்காகக் குளிர்ந்த தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்தோம். அதற்கும் முந்தைய வருடம் செருப்பில்லாமல் நடந்தோம். இப்போது பழசு. கணக்குப் பிரிவுக்காரர் பாடாத கிராமபோன் ஒன்றை மேஜைமேல் வைத்து தினமும் தூசி தட்டினார். மேலாளர் ஓடாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கூட்டங்களுக்கு நேரம் பார்த்து வந்தார். இப்படிப்பட்டவர்கள் நடுவே, வேலை செய்கிற சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வது எனக்கே கூச்சமாக இருந்தது.

என் மனைவி இயற்பியல் டீச்சர். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமையன்று, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்க வேண்டியவள். முதல் மணி அடிப்பதற்குள் அங்கே போய்ச் சேரும் பஸ் கிடையாது.

"இருக்கிற கார் நல்லாத்தானே ஓடுது?" என்றாள்.

"அதுதான் பிரச்சினையே. அதுல ஒரு சுவாரஸ்யமும் இல்ல."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, ஆசைப்பட்டுட்டீங்க. வாங்குங்க. ஆனா ஸ்கூல் திறக்கிற அன்னைக்கு வாசல்ல ஒரு கார் நிக்கணும். அது ஓடணும். அதுக்குப் பேப்பர் இருக்கணும். இல்லன்னா முதல் நாளே தலைமையாசிரியை லேட்டுன்னு முந்நூறு பிள்ளைங்க முன்னாடி நான் நிக்கணும். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களையும் மறக்க விடமாட்டேன்."

பழைய காரை விற்றேன். அடுத்த நாளே ஒரு பல் டாக்டரிடமிருந்து இருபத்திரண்டு வயதான அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினேன். டாக்டர் நேர்மையானவர். சொத்தைப் பல்லைக் கண்ணாடியில் காட்டுவதுபோல் ஒவ்வொரு கோளாறாகக் காட்டினார். ரிவர்ஸ் கியர் விழாது. இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும், ஹாரன் அடிக்காது.

"மத்தபடி?" என்றேன்.

"மத்தபடி சிவப்பு நல்லா இருக்கு."

கையோடு வண்டியை 'நிதானம்' என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக்கிடம் விட்டேன். வேலையில் அவசரப்படாதவர், பேச்சிலும் அப்படியே. நான்கு நாளில் மூன்று கோளாறுகளையும் சரி செய்துவிட்டார். இனி, வாங்கிய நாளிலிருந்து பதினான்கு நாள் கெடுவுக்குள் பெயர் மாற்றினால் போதும். தவறினால் வண்டியை அரசாங்கமே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வாகன உரிமை மாற்ற அலுவலகத்தின் முற்றத்தில் மூன்றாவது கவுன்டர், அடையாள ஒப்பீட்டுப் பிரிவு. அங்கே மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மையார் இருந்தார். பதிவுப் புத்தகத்தை விரித்து, "வண்டியைப் பின்னால எடுங்க" என்றார்.

எடுத்தேன். வெண்ணெய்போல் வந்தது. பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இது அந்த வண்டி இல்ல."

"அதே வண்டிதாம்மா."

"அங்க அடையாளம் என்ன போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து வாகனப் படிவம் தயாரித்த ஏதோ ஒரு மகான், 'அங்க அடையாளங்கள்' என்ற பத்தியையும் அப்படியே சேர்த்துவிட்டிருந்தார். முகத்தில் மச்சம் இல்லாத வண்டிக்கு என்ன எழுதுவது என்று யோசித்த பல் டாக்டர், மூன்று கோளாறுகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் அரசு முத்திரை.

"அதையெல்லாம் சரி பண்ணிட்டேம்மா."

"யாரைக் கேட்டு?"

"கோளாறுதானே?"

"உங்களுக்குக் கோளாறு. எங்களுக்கு ஆதாரம். உங்க கன்னத்துல மச்சம்னு சர்டிபிகேட்ல இருக்கு. நீங்க அதை எடுத்துட்டு வந்து நான்தான் அவன்னா நம்பிடுவோமா?"

"இன்ஜின் நம்பர் இருக்கே?"

"நம்பரை யார் வேணும்னாலும் வெட்டி ஒட்டலாம். ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடறதை யாராலயாவது ஒட்ட முடியுமா?" அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அது சரி, பின்னால போகாத அந்த வண்டி எங்கே?"

எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நானும் உத்தியோகஸ்தன்தானே? 'மேற்படி பின்னால் போகாத வாகனம், கீழே கையொப்பமிட்டவரின் கவனக்குறைவால் பழுது நீங்கி, தற்போதைய நிலையை அடைந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். நடை நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். பழைய நிலைக்குக் கொண்டுவர ஏழு நாள் அவகாசம் கொடுத்தார்.

நிதானம் நான் சொன்னதைக் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"சரி பண்ண நாலு நாள் ஆச்சு. கெடுக்க ஆறு நாள் ஆகும் சார்."

"கெடுக்கறதுக்கா ஆறு நாள்?"

"அது இருபது வருஷமா தானா வந்த கோளாறு. நான் கையால பண்ணணும். அந்த வைப்பர் ஆடும் பாருங்க, ஒரு இழுவையா, அந்த மாதிரி வராது. முடிஞ்ச வரைக்கும் பார்க்கிறேன்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "ஓடற வண்டியைக் கெடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கீங்க?"

"பேப்பருக்காகத்தான்."

"ஏன்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"விளக்கம் கேட்டாங்க, கொடுத்தேன்."

"நீங்க கேட்டீங்களான்னு கேட்டேன்."

பன்னிரண்டாம் நாள் மறுபடி போனேன். மூன்றாவது கவுன்டரில் வண்டி பின்னால் போகவில்லை, கதவு திறக்கவில்லை, ஹாரனை அழுத்தினால் வைப்பர் கையசைத்தது. அம்மையாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 'அடையாளங்கள் ஒத்துப்போகின்றன. கோளாறுகள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அங்கிருந்து பதினான்கே அடி தள்ளி நான்காவது கவுன்டர், தகுதிப் பிரிவு. கழுத்தில் விசிலோடு நின்ற அதிகாரி, "பின்னால எடுங்க" என்றார்.

"போகாதுங்க."

"பின்னால போகாத வண்டிக்குத் தகுதிச் சான்றா? விளையாடறீங்களா?"

"பின்னால போனா அடையாளம் தப்பாயிடும்னு பக்கத்துல சொல்றாங்க."

"அது அவங்க பிரிவு. எங்க பிரிவுல எல்லா வண்டியும் பின்னால போகும்."

நான்காவது கவுன்டருக்கு அப்பால் சுவர். ரிவர்ஸ் இல்லாமல் வெளியே வரமுடியாது. விசில் அதிகாரி ஊத, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களும் ஏதேதோ கோளாறுகளைச் சரி செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள்தான். ஒருவர் தள்ளிக்கொண்டே, "உங்க கோளாறை யார் சார் பண்ணாங்க? அசல் மாதிரியே இருக்கு" என்று முகவரி கேட்டார்.

இன்னும் இரண்டே நாள். கார் இல்லாத திங்கட்கிழமைக் காலை, வாசலில் என் மனைவி கைப்பையோடு நிற்பது கண்முன்னே தெரிந்தது. நிதானத்திடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு டீ குடித்து முடித்துவிட்டு, சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தார். மேலே தள்ளினால் எல்லாம் வேலை செய்யும். கீழே தள்ளினால் மூன்று கோளாறும் வந்துவிடும்.

இரண்டு முத்திரையும் ஒரே நாளில் விழ வேண்டும் என்பது விதி. பதினான்காம் நாள் காலை, மூன்றாவது கவுன்டரில் சுவிட்ச் கீழே. நான்காவது கவுன்டரில் சுவிட்ச் மேலே. இரண்டு முத்திரையும் விழுந்தன. மாடியில் துணை ஆணையர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

துணை ஆணையர் இரண்டு சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூணாவது கவுன்டர்ல சீரியஸா இருந்த வண்டி, பதினாலு அடி தள்ளி நாலாவதுல குணமாயிடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சு?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜெயில்தான் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பதினோரு வருஷமா ரெண்டு கவுன்டருக்கும் சண்டை. நீங்க தீர்த்து வச்சுட்டீங்க!"

மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது: 'இனி எல்லா வாகனங்களிலும் குறைந்தது இரண்டு அடையாளக் கோளாறுகளும் அவற்றுக்கான சுவிட்ச் ஒன்றும் பொருத்தப்பட வேண்டும்.' புத்தம் புது வண்டி வைத்திருந்தவர்கள்கூட நிதானத்தின் பட்டறைக்கு ஓடினார்கள். வரிசையில் ஒருவர், "எனக்கு ஹாரன், வைப்பர் ரெண்டு மட்டும்தான்" என்று அலுத்துக்கொண்டார். "எனக்கு ஹாரன், வைப்பர், ஒரு பக்க விளக்கு" என்று பக்கத்திலிருந்தவர் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டார். எங்கள் மேலாளர் போன் செய்து, ஆறு கோளாறுக்கு நான் சிபாரிசு செய்ய முடியுமா என்று கேட்டார்.

எல்லாருக்கும் வேலை ஆயிற்று, என் புத்தகத்தைத் தவிர. துணை ஆணையருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கோளாறை ஓட்டுபவரே வரவழைக்கலாம், நிறுத்தலாம் என்றால், அது வண்டியின் கோளாறு ஆகாது, உரிமையாளரின் கோளாறு. ஆகவே இனி எல்லா உரிமையாளருக்கும் அடையாளக் கோளாறு இரண்டு எழுத வேண்டும். தன் குறை தனக்குத் தெரியாது என்பதால், குடும்பத்தார் ஒருவர் நேரில் வந்து நிரப்ப வேண்டும். அலுவலகம் மூட ஒரு மணி நேரம் இருந்தது.

என் மனைவி வந்தாள். படிவத்தை வாங்கி, பேனாவை எடுத்து, ஒரு விநாடிகூட யோசிக்காமல் எழுதினாள். மூன்றாவது கவுன்டர் அம்மையார் வாங்கி உரக்கப் படித்தார்.

"ஒண்ணு. 'நல்லா ஓடின காரை வித்துட்டு ஓடாத காரை வாங்கினார்.' பிரமாதம். இந்த ஊர்லயே யாருக்கும் இருக்காது." டிக் அடித்தார். "ரெண்டு. 'யார் எதைச் சொன்னாலும் ஏன்னு கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்து செய்வார்.'"

கண்ணாடியைக் கழற்றினார். பேனாவால் அந்த வரியை அடித்தார்.

"இது செல்லாதும்மா."

"பொய்யா எழுதியிருக்கேன்?"

"பொய்யின்னு யார் சொன்னா? அடையாளம்னா அந்த ஆளை மத்தவங்ககிட்டேயிருந்து பிரிச்சுக் காட்டணும். உங்களுக்கு முன்னால வந்த எல்லா வீட்டுக்காரங்களும் இதையேதான் எழுதினாங்க. வேற ஏதாவது சொல்லுங்க. குறட்டை விடுவாரா?"

"விடுவார்."

குறட்டை என்று அவரே எழுதிக்கொண்டார். முத்திரை விழுந்தது. புத்தகம் என் பெயரில் என் கையில் வந்தது. திங்கட்கிழமை என் மனைவி மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளியில் இருப்பாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் நகரவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. ஏன்னு கேட்காம செய்யற குறை எல்லார்கிட்டயும் இருக்குன்னு சொன்னீங்களே, உங்ககிட்ட?"

அம்மையார் கொஞ்சமும் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனம்விட்டுச் சிரித்தார்.

"அது இருந்ததாலதானேம்மா எனக்கு இந்த நாற்காலி கொடுத்தாங்க? சரி, நேரமாகுது. அடுத்த ஆள் வாங்க!"

அடுத்த ஆள் தலையாட்டிக்கொண்டே வந்தார்.