கம்பைல் செய்யப்பட்ட பட்டியல்

விசாரணை அலுவலகத்தில் நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு, அன்றைக்கு யார் யாரை உள்ளே கூப்பிடுவது என்ற பட்டியல் அச்சாகும். அதற்கான கணினி ஸ்கிரிப்ட் மொத்தம் ஏழு வரி. எழுதியவரைப் ‘பட்டியல் அக்கா’ என்பார்கள். ஒன்பது வருடத்தில் ஸ்கிரிப்ட் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அக்கா நாலு நாள் போட்டிருக்கிறார்.

பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய மேலாளர் நேரே அவர் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா, இன்னுமா ஸ்கிரிப்ட்? கம்ப்யூட்டர் தினம் ஒவ்வொரு வரியா எழுத்துக்கூட்டிப் படிக்குது. வெளியில சொன்னா வெட்கக்கேடு! இனிமே கம்பைல் மொழிதான். முழுசையும் முதல்லயே மிஷின் பாஷைக்கு மாத்திடணும். அப்புறம் பாருங்க, பறக்கும்.”

“இப்பவே ரெண்டு செகண்டுதான் சார் ஆகுது.”

“அதுல கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“மாத்துறதுக்கு?”

“பதினொரு நிமிஷம். அது தயாரிப்பு நேரம், கணக்குல வராது.”

நேற்றைய கம்பைலை வைத்து இன்றைய நாளை நடத்துவது முறையல்ல என்று சுற்றறிக்கையும் வந்தது. அன்று முதல் தினமும் கம்பைல். கதவு ஒன்பது பதினொன்றுக்குத் திறந்தது.

அக்காவுக்கு அந்த மொழி அரைகுறை. மேலாளரைப் பகைக்கவும் முடியாது. கணவர் ஓர் ஊர், அவர் ஓர் ஊர் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. பதினான்காம் தேதி தலைமை அதிகாரி வந்து ஊழியர் மனுக்களையும் கேட்பார். அன்றைய பட்டியலில் அக்காவின் இடமாற்ற மனு பதினேழாவது.

ஆகவே புது மொழியில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி எழுதினார். முந்நூற்றுப் பதினொன்று தேதி, வணக்கம், மேலாளரின் பதவிப்பெயர். மீதி ஒரு வரி, பெயர்களைப் போட்டுத்தரச் சொல்லிப் பழைய ஸ்கிரிப்டைத் தட்டி எழுப்பிவிட்டு, ‘வேலை முடிந்தது’ என்று அறிவித்தது. அலுவலக நடைமுறைக்கு அது ஒன்றும் புதிதல்ல.

பதினான்காம் தேதி. தலைமை அதிகாரி முன்னிலையில் மேலாளரே கணினிமுன் உட்கார்ந்தார்.

“சார், பழைய ஸ்கிரிப்டை உங்க கண்ணு முன்னாலேயே அழிக்கிறேன்!”

“சார், அது இருந்துட்டுப் போகட்டுமே...” என்று அக்கா பதறினார்.

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் அழித்தாயிற்று. பட்டியல் அச்சாகி வந்தது. தேதி, வணக்கம், பதவிப்பெயர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பெயர்தான் ஒன்றுகூட இல்லை.

“மனுவே இல்லாத ஆபீஸா! பிரமாதம்!” தலைமை அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். வாசலில் மனுவோடு காத்திருந்த நாற்பத்து மூன்று பேர் அவருக்கு வழிவிட்டு நின்றார்கள்.

மேலாளர் அக்காவிடம் குனிந்தார். “ஏம்மா, என் பதவி உயர்வு மனு பதினெட்டாவதா இருக்கணுமே?”

“எனக்கு அடுத்து சார்.”

மறுவாரம் உத்தரவு வந்தது: இந்தக் கணினி நிரலை எல்லா அலுவலகங்களிலும் நிறுவ வேண்டும். இதை எழுதியவரும் எழுதச் சொன்னவரும் பொதுநலன் கருதி, இருக்கும் இடத்தைவிட்டும் பதவியைவிட்டும் நகர்த்தப்படக் கூடாது.