ஐந்தரைக் கட்டையும் செத்துப்போன பொத்தானும்

இந்த வீட்டில் இனி ஒரே ஒரு முடிவையாவது நான்தான் எடுப்பேன் என்று சவரம் செய்துகொண்டே தீர்மானித்தேன். கண்ணாடியில் தெரிந்தவர் உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் என்னை எதிர்த்துப் பேசாதவர் அவர் ஒருவரே.

முடிவு இதுதான்: என் பழைய கீபோர்டைத் தள்ளிவிட்டு, கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் அரசனைப்போல் வீற்றிருக்கும் உயர்ரகக் கீபோர்டை வாங்குவது. இடக்கையில் ஒரு விரலை வைத்தால் போதும். தபலா, கிட்டார், வயலின் என்று ஒரு பட்டாளமே பின்னால் கிளம்பி வரும். என் பழையதிலும் வரும்தான். ஆனால் அதன் வயலின் கதவுக்கீல் போலவும், தபலா எவரோ தகரம் தட்டுவது போலவும் ஒலிக்கும். நான் தையற்கடைக்காரன். ஆயினும் இசையை எவரிடமும் கைகட்டி நின்று கற்றவனல்லன், சுயம்பு. சுயம்புவுக்குத் தகரம் தகுமா?

மனைவியிடம் அறிவித்தேன்.

“இப்ப இருக்கறதுக்கு என்ன கேடு?”

“நாதம் இல்லை.”

“அது பொட்டியிலயா இருக்கும்? வாசிக்கறவர்கிட்ட இருக்கணும்.”

“புதுசுல நானூறு தாளம் இருக்கும்மா!”

“உங்களுக்கு வர்றதே ரெண்டு. மிச்சத்தை நானா அடிக்கறது?”

நேர்வழி அடைபட்டால் வீரன் குறுக்குவழியில் நுழைவான். எங்கள் குடியிருப்பில் மாதந்தோறும் இசைமாலை நடக்கும்; அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். அவள் குரலுக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி. எனக்கோ ஒரு கட்டைச் சுருதியைத் தவிர வேறெதிலும் கை ஓடாது. வெள்ளைக் கட்டைகளோடு மட்டுமே என் சிநேகம். ஆனால் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் விரல்கள் பழைய இடத்திலேயே மேய, சுருதி மட்டும் அவள் இடத்துக்குப் போய்விடும். ஊர் என்னை வித்துவான் என்றது அந்தப் பொத்தானின் புண்ணியத்தால். இந்த இரகசியம் அவளுக்கும் தெரியாது என்பது என் நம்பிக்கை.

ஆகவே, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன்.

“சுருதி மாத்தற பொத்தான் செத்துப்போச்சும்மா. இனிமே உன் சுருதிக்கு வாசிக்க முடியாது. புதுசு வாங்கியே ஆகணும்.”

அவள் அடுப்பைத் தணித்தாள்.

“பொத்தான்தானே செத்துச்சு? விரல் உயிரோடதானே இருக்கு?”

“அதில்லம்மா…”

“கறுப்புக் கட்டையும் சேர்த்து வாசிச்சா என் சுருதி வந்துடாது? உங்களுக்குத் தெரியாததா? முடியாதுன்னா சொல்லுங்க, எதிர்வீட்டு வங்கிக்காரர் வாசிக்கட்டும். பாவம், ரொம்ப நாளா கேக்கறார்.”

வங்கிக்காரர்! என் நாற்காலியில்! என் மனைவிக்கு!

“எனக்கா முடியாது?” என்று கர்ஜித்தேன். கர்ஜித்த பிறகே வாய் மூடியது, காலம் கடந்துவிட்டது.

நான் பொய்யாகச் சாகடித்த பொத்தானை இரவோடிரவாக உயிர்ப்பித்துவிடலாம் என்று எண்ணிப் போய்ப் பார்த்தால், அதன்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“கெட்டுப்போனதைத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும்” என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

பிறகென்ன? கடையில் காஜா எடுக்கும்போதும் விரல்கள் மேசைமேல் கறுப்புக் கட்டைகளைத் தேடின. ஒரு வாடிக்கையாளரின் சட்டையில் இடக்கை நீண்டும் வலக்கை குறுகியும் போயின. வீட்டில் அவள் எதிரே அமர்ந்து கீரை ஆய்ந்தபடி, “அங்க இல்ல, அடுத்த கறுப்பு” என்பாள். தலை நிமிராமலே சொல்வாள். என் ஆண்மையை நிலைநாட்ட ஒருமுறை வேண்டுமென்றே தவறாக வாசித்தேன். அதையும் திருத்தினாள்.

இசைமாலை வந்தது. அவள் ஐந்தரைக் கட்டையில் எடுத்தாள். நானும் பொத்தான் இல்லாமல், பத்து விரல்களாலும் பின்தொடர்ந்தேன். அவள் எங்கே வளைந்தாலும் அங்கே இருந்தேன். பாட்டு முடிந்ததும் கூடம் எழுந்து நின்று தட்டியது. வங்கிக்காரர் ஓடி வந்து, “இது என்ன மாடல் சார்?” என்று என் தகரத்தைத் தடவிப் பார்த்தார்.

இதுவே தருணம் என்று அவள் காதில் சொன்னேன்: “பார்த்தியா? இந்த ஓட்டைப் பொட்டியிலயே இப்படின்னா, புதுசுல எப்படி இருக்கும்?”

“ஒத்தை விரல்ல வாசிச்சவரைப் பத்து விரல்ல வாசிக்க வெச்ச பொட்டிங்க இது. யாராவது மாத்துவாங்களா?”

அடங்கிப் போவேனா? மறுநாள் காலை ஒருவரையும் கேட்காமல் கடைக்கு நடந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அரசனைச் சுட்டினேன்.

“அதை எடுங்க!”

கடைக்காரர் எழுந்து நின்றார். “வாங்க சார். அம்மா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க. நேத்து உங்க வாசிப்புல அவங்க குரலே கேக்கலையாம். மைக்கும் பெரிய ஸ்பீக்கரும் எடுத்துப் பணமும் கட்டிட்டாங்க. அனுப்பி வைக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், பின்னாடியே ஒருத்தர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வருவார், அவர்கிட்டக் குடுத்துடுங்கன்னாங்க.”

ஸ்பீக்கர் நல்ல கனம்.