மாமா கடையின் சாக்கெட்

பெண் கேட்கப் போகிறவன், கேட்டு முடிக்கும்வரை பெண் வீட்டில் எதையும் ரிப்பேர் பார்க்கக் கூடாது. எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

அம்மா வழியில் தூரத்து மாமா ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்தார். அவர் மகள் மீனாளை எனக்குப் பிடிக்கும். மாமாவுக்கோ, ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடி லேப்டாப்பைத் தட்டும் என் வேலை ஒரு வேலையாகவே படவில்லை. மெச்ச வைக்கலாம் என்று கடைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முன்னால் பில் போட்டால், பின்னால் பொட்டலம் கட்டும் இடத்தில் சீட்டு வந்து விழும். இப்படிச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். பில் அதற்குள் நுழையும் வாசலுக்குச் சாக்கெட் என்று பெயர். அந்த வாசலை எங்கே திறப்பது என்று, டீமனைக் கிளப்பும் கட்டளையிலேயே சொல்லிவிடலாம். நானும் சொல்லியிருந்தேன்.

தேரோட்டத்தன்று காலை மாமா போனில் வந்தார்.

“மாப்ளே, ஒரு சீட்டும் வரல. ஆளுக சத்தம் போடுதாக.”

வீட்டிலிருந்தே பார்த்தேன். டீமன் நான் சொன்ன இடத்துக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, சோதனைக்கு வைத்திருந்த பழைய இடத்திலேயே வாசலைத் திறந்து உட்கார்ந்திருந்தது. (கட்டளையை வாங்கிய அடுத்த வரியில் பழைய இடத்தை மறுபடி எழுதி வைத்த புண்ணியவான் நான்தான்.) பில்லெல்லாம் ஆளில்லாத வாசலில் முட்டிக்கொண்டிருந்தன.

“சாக்கெட்லதான் கோளாறு மாமா. செத்த நேரம் பொறுங்க, மாத்திருதேன்.”

“அம்புட்டுதானா? இங்கனயே ஆள் இருக்கு” என்று போனை வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. பைக்கில் பறந்து போனேன். கடை இருட்டிக் கிடந்தது. எலக்ட்ரீசியன் ஒருவர் சுவரைப் பெயர்த்து, பிளக் மாட்டும் சாக்கெட்டைக் கையில் வைத்திருந்தார். தராசு, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் நின்றுபோயிருந்தன. மீனாள் பால்கோவாத் தட்டைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு, “அரைக் கிலோ ரெண்டு” என்று உள்ளே கூவிக்கொண்டிருந்தாள். என் புரோகிராமைவிட அது வேகமாக வேலை செய்தது.

“சாக்கெட் நல்லாத்தான் இருக்காம் மாப்ளே” என்றார் மாமா, சுண்ணாம்புத் தலையோடு. “ஒனக்கு இதுகூடத் தெரியலையே.”

பெண் கேட்கும் பேச்சு அடுத்த தை வரை தள்ளிப்போனது. கல்யாணமாகி இத்தனை நாள் கழித்து இன்றும், நான் ஒன்றுக்குச் சரி என்றுவிட்டு வேறொன்றைச் செய்தால், “டீமன் கணக்கா தலையாட்டாதிய” என்பாள் மீனாள்.

போன வருஷம் மாமாவுக்கு ஆபரேஷன். கண் விழிக்காமலே கிடந்தார். எல்லாருக்கும் பயம், எனக்குக் கூடுதலாகவே. கட்டிலுக்கு அருகே போன் சார்ஜரைச் செருகக் குனிந்தேன். மேலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“மாப்ளே, அந்தச் சாக்கெட்ட மட்டும் தொட்டுறாத.”

மாமா பிழைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.