கூடிக்கொண்டே போன ஈர்ப்பு

ஈர்ப்புமானிக்குள் அலாரம் கடிகாரத்தை வைத்து மூடியதும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. டெக்னீஷியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றரை வருஷமாகச் செத்துக் கிடக்கிற இயந்திரம், இன்றைக்கு ஒரு நாள் உயிரோடு இருப்பதாக நடித்தால் போதும்.

பூமியின் ஈர்ப்பு விசையை அளக்கிற இயந்திரம் அது. இங்கே ஒன்று, கூட்டாளி நாட்டில் ஒன்று. மாதா மாதம் அளவெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். இங்குள்ளது நின்றுபோனபோது உதிரிபாகம் கேட்டு டெக்னீஷியன் எழுதிய ஃபைல் இன்னும் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அளவு போகாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். ஒரு மாதம் சமாளிப்போம் என்று, அங்கிருந்து வந்த எண்ணைப் பார்த்து எழுதினார். அப்படியே எழுதினால் காப்பி என்று தெரிந்துவிடுமே, கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். அந்த ஒரு மாதம் பதினெட்டு மாதமாகிவிட்டது. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'துல்லியம்'.

இரண்டு நாட்டு எண்களும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. ஈர்ப்பு விசை கூடுகிறது என்று விஞ்ஞானிகள் கட்டுரை எழுதினார்கள்.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும்போதே நினைச்சேன்," என்றார் டைரக்டர். "என் வீட்டுக்காரிதான் தொப்பைன்னு சொல்லிட்டிருந்தா."

இன்று ஒப்பந்தத்தை நீட்டிக்க அந்த நாட்டுக் குழு வந்திருந்தது. துல்லியம் ஓய்வு பெற ஏழு மாதம்தான் பாக்கி. குட்டு வெளிப்பட்டால் வேலையும் போகும், பென்ஷனும் போகும்.

டைரக்டர் இயந்திரத்தில் காதை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு நல்லா ஓடுதா? அப்ப எல்லார் முன்னாடியும் ஒரு அளவு எடுத்துக் காட்டிடுங்க."

"கூட்டம் கூடினா தரை அதிரும் சார். அளவு தப்பிடும்."

"அதுவும் சரிதான். அவங்க டெக்னீஷியனை மட்டும் கூட்டிட்டு வரேன். கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேருமா நிதானமா எடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அவர் நொந்துகொண்டிருக்கையில் வீட்டிலிருந்து போன்.

"கடிகாரத்தை எங்க காணோம்?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் வேலைக்கு எடுத்துட்டு வந்தேன்."

"ஏன், அங்க மணி பாக்கறதுதானே வேலை? என் மாத்திரைக்கு மூணு மணிக்கு அலாரம் வச்சிருந்தேன்."

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. ஸ்குரூடிரைவரைத் தேடி ஓடினார். அதற்குள் விருந்தாளி டெக்னீஷியனையும் மொழிபெயர்க்கும் பெண்ணையும் உள்ளே விட்டுவிட்டு, டைரக்டர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

துல்லியம் இயந்திரத்தின் மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே அலாரம் அலறியது.

"அளவெடுத்து முடிஞ்சா மணி அடிக்கும்," என்றார்.

பெண் மொழிபெயர்த்தாள். விருந்தாளி தலையாட்டினார். பையிலிருந்து தன் ஸ்குரூடிரைவரை எடுத்து, நான்கு திருகாணிகளையும் கழற்றினார். உள்ளே இருந்து, கோழி படம் போட்ட ரோஸ் நிறக் கடிகாரம் அவர் கைக்கு வந்தது. தலையில் தட்டி அதன் வாயை அடைத்தார். விருந்தாளியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

துல்லியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

"சொல்லிடும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "மெஷின் நின்னு ஒன்றரை வருஷமாச்சு. தப்பு என்னோடதுதான். டைரக்டருக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்னாள். விருந்தாளி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

"என்னம்மா சொல்றார்?"

"அவங்க மெஷின் நின்னு ரெண்டு வருஷமாச்சாம் சார்," என்றாள் அவள். "மாசா மாசம் நீங்க அனுப்பற நம்பர்ல ஒண்ணு கூட்டித்தான் அனுப்பிட்டிருக்காராம். நீங்க எதைப் பாத்து எழுதறீங்கன்னு கேக்கறார்."