அகரவரிசைப்படி நான் செய்த உதவி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், பேனா நகர மறுக்கிறது. உடம்பைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. மற்றதைக் கீழே எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். கூடத்தில் தும்மினால் உள்ளறையில் கேட்கும். உள்ளறையில் தங்கள் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. அதற்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். தாங்கள் உடனே கிளம்பி வந்து அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் தாங்கள் வக்கீல், குறுக்கு விசாரணை செய்துவிடுவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதில் டாக்டர் பட்டம் எதற்கு என்று போன முறை வந்தபோது தாங்கள் கேட்டீர்கள். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனாள். அந்தப் பதிலை நான் சொல்கிறேன். பள்ளியில் வேலை பார்த்தபோது ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கையிலேயே அவளுக்குக் குரல் போய்விட்டது. அந்தப் பருவம் முழுவதையும் கரும்பலகையில் எழுதி எழுதியே ஓட்டினாள். குரல் திரும்பியதும் முதலில் கேட்ட கேள்வி, "எனக்கு மட்டும்தானா இப்படி?" என்பதுதான். அதற்கு விடை தேடிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தாள். தொண்டை போன ஆசிரியர்களின் வாயருகே காதை வைத்து, அவர்கள் கிசுகிசுத்ததையெல்லாம் கேட்டு எழுதினாள். ஆறு வருட உழைப்பு, மச்சான். பொழுதுபோகாமல் செய்த வேலை இல்லை.

இந்த ஆய்வேடு என்னும் சமாச்சாரத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு விஷயத்தைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே ஓர் எண் போட வேண்டும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கங்களுக்குப் போனால், ஆதாரப் பட்டியலில் அதே எண்ணில் கட்டுரையின் பெயர், எழுதியவர், ஆண்டு எல்லாம் இருக்கும். உள்ளே முதலில் வருவது ஒன்று, அடுத்து வருவது இரண்டு, இப்படியே போகும். எண்களைக் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதி உண்டாம். தங்கள் தங்கை அதை நம்பாமல் எல்லாவற்றையும் கையாலேயே தட்டியிருந்தாள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

அப்போது தெரியாது. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய அன்று அவளை ஆய்வு நெறியாளர் திடீரென்று கூப்பிட்டு அனுப்பினார். போகிற போக்கில், "அந்தக் கடைசிப் பட்டியல்ல எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் ஒரு பார்வை பார்த்துட்டு, பைண்டிங் கடையில குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்தால், மச்சான், நூற்றுப் பன்னிரண்டு பெயர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இறைந்து கிடக்கிறது. 'ப' வுக்குப் பிறகு 'அ', அதற்குப் பிறகு 'ம', மறுபடி 'அ'. மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளியின் பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கோப்பை உருவுவேன். அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்து இப்படி ஒரு பட்டியல் வெளியே போவதா? பாவம், அசதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, மாங்கு மாங்கென்று உட்கார்ந்து அத்தனையையும் அகரவரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழாகப் புதிதாக எண் போட்டேன். பழைய ஃபைல் ஒன்று, புதிய ஃபைல் ஒன்று என்று இரண்டு இருந்தால் குழப்பம் வரும் என்பது எங்கள் அறையின் விதி. அதனால் பழையதை அழித்துவிட்டேன். அவள் வந்து அட்டையைத் தடவிப் பார்த்து, "பரவாயில்ல, அழகா வந்திருக்கு" என்றாள். ஆச்சரியப்படட்டும் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிரதிகள் தேர்வாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஓர் அம்மையார், இந்தத் துறையில் பெரிய கை. மாணவர்கள் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவரைத் தாண்டித் தூசு கூடப் போகாதாம். போன வாரம் ஒருநாள் காலையில் அவரிடமிருந்து தங்கள் தங்கைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. 'நேரில் சந்திக்க ஆவலாக உள்ளேன். குறிப்பாக எண்பத்திரண்டாம் பக்கம் பற்றிப் பேச.' தங்கள் தங்கை சாப்பாட்டு மேசையிலேயே ஆய்வேட்டைப் புரட்டினாள். எண்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கங்களைப் பார்த்தாள். மறுபடி முன்னால் போனாள், மறுபடி பின்னால் போனாள்.

"யார் இதைத் தொட்டது?"

"தொடலைம்மா. ஒழுங்குபடுத்தினேன்."

ஒரு நாற்காலியை நகர்த்தி என்னை உட்காரச் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, எண்ணைச் சொல்லி, பட்டியலில் அந்த எண்ணில் இருப்பதை என்னையே படிக்கச் சொன்னாள். 'கூட்டமான வகுப்பில் ஆசிரியரின் குரல் மதியத்துக்குள் உடைந்துவிடுகிறது.' ஆதாரம், தொழிற்சாலைச் சங்கின் ஒலி அளவு. 'இத்துறைக்கே வழி திறந்த முன்னோடி ஆய்வு இது.' இது அந்த வடிகட்டி அம்மையாரைப் புகழ்ந்து எழுதியது. ஆதாரம், நாய்க் காப்பகத்தில் குரைப்புச் சத்தம். பிறகு எண்பத்திரண்டாம் பக்கம். யாரோ ஒரு கத்துக்குட்டியின் ஆய்வைப் பற்றி இவள் எழுதியது: 'ஆசிரியரின் வாயருகே மைக்கை வைத்து அளந்துவிட்டு அதையே வகுப்பறைச் சத்தம் என்கிறார்கள். அடிப்படையே தவறு. இதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.' ஆதாரம் என்று பட்டியலில் நிற்பது வடிகட்டி அம்மையாரின் பேர்பெற்ற கட்டுரை.

ஆனாலும் சும்மா இருந்தேனா? "அகரவரிசைங்கறது உலகம் பூரா ஒத்துக்கிட்ட முறைதானேம்மா" என்றேன். அவள் நூற்று மூன்றாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். 'என் குழந்தையைக் கூப்பிடக்கூட இப்போது எனக்குச் சத்தம் வருவதில்லை.' ஓர் ஆசிரியை யாரோ ஓர் ஆய்வாளரிடம் சொல்லி, அவர் கட்டுரையில் வந்த வாக்கியம். எண்ணைத் தேடினேன். கூண்டுக் கிளிகளின் பேச்சுப் பழக்கம் என்று இருந்தது.

"அந்த டீச்சர் சொன்னதுக்குக் கிளியைச் சாட்சியா வெச்சுட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதுவரை என் பக்கம் ஏதோ கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மச்சான். அந்த இடத்தில் எல்லாம் போய்விட்டது. பெரிய தப்புதான் செய்திருக்கிறேன். தங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அவளிடமும் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தோடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை. பைண்டிங் கடைக்கு ஓடினேன். "அனுப்புன பிரதியைத் திரும்ப வாங்கி கடைசிப் பக்கத்தை மட்டும் பிரிச்சு ஒட்ட முடியுமா?" என்று கேட்டேன். "ஒட்டுனதை ஏன் சார் பிரிக்கணும்? நல்லா ஒட்டிருக்கே" என்று கடைக்காரர் ஒரு பிரதியைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். அங்கிருந்து அவளுக்குத் தெரியாமல் நெறியாளர் வீட்டுக்குப் போனேன். ஆறு வருடமாக எந்த அத்தியாயத்தைக் கொடுத்தாலும் "பார்த்தாச்சு, பிரமாதம்" என்று திருப்பித் தருகிற மனிதர் அவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. பாராட்டுரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. "ஒண்ணும் கவலைப்படாதீங்க. அச்சடிச்சவன் தப்பு பண்ணிட்டான்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். நான் வீடு திரும்புவதற்குள் அவரே அவளுக்குப் போன் பண்ணி இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். கதவு திறந்தது.

"ஊர் முழுக்க சொல்லியாச்சா?"

"பழியை என் மேலயே போட்டுடும்மா. நான் வந்து சொல்றேன்."

"எப்படிப் போடறது? முதல் பக்கத்துல என்ன இருக்குன்னு படிங்க."

படித்தேன். 'இந்த ஆய்வேடு முழுவதும் என் சொந்த உழைப்பு. வேறெவரும் இதில் கை வைக்கவில்லை என உறுதி கூறுகிறேன்.' கீழே தங்கள் தங்கையின் கையெழுத்து. தாங்கள் வக்கீலாக யோசித்துப் பாருங்கள். எண்கள் தன்னுடையவை என்று சொன்னால், கிளியையும் நாயையும் சாட்சிக்கு இழுத்து, தேர்வாளரை முகத்துக்கு நேரே திட்டியவள் ஆவாள். புருஷன் மாற்றினான் என்று சொன்னால், உறுதிமொழியில் பொய் சொன்னவள் ஆவாள். அச்சுக்காரன் என்று சொன்னால், அது மூன்றாவது பொய். "பொய் சொல்லிட்டுப் போய் அந்த டாக்டர் பட்டத்தை நான் எங்க மாட்டி வைக்கறது? நான் போகலை" என்று சொல்லிவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் அவள் ஆய்வுக் குறிப்பெழுதிய காகித அட்டைகளைப் புரட்டுகிற சத்தம் மட்டும் வருகிறது. பழைய வரிசையை ஞாபகத்திலிருந்து திரும்பக் கட்டுகிறாள் போலிருக்கிறது. நான் வாசலில் வைக்கிற டீ ஆறிப்போய் அப்படியே திரும்பி வருகிறது. உதவட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், அந்த வார்த்தையை இனி இந்த வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது. தேர்வுக்குப் போகாவிட்டால் ஆறு வருடமும் வீண். அவள் அழவில்லை, எனக்குத்தான் அடிக்கடி கண் கலங்குகிறது. தாங்கள் சொன்னால் கேட்பாள். வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், வெட்டிப் போட்டாலும் சரி. அவளை வியாழக்கிழமை அந்த அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து நீடூழி வாழ என் ஆசிகள். அவர்கள் எதற்காவது பட்டியல் போட்டால் மற்றவர்கள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன், இப்போதைக்கு.

பின்குறிப்பு: தாங்கள் வர வேண்டாம். மேலே உள்ளதை எழுதிய பிறகு தபாலில் சேர்க்கத் தைரியம் வரவில்லை. தங்களை நினைத்தால் எனக்கு வடிகட்டி அம்மையாரை விடப் பயம். கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. வியாழன் காலை அவள் தானாகவே குளித்து, புடவை மாற்றி, திருத்திய பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "பொய் சொல்லாமப் போறதுன்னா போகலாம்" என்று வாசல் கதவைப் பார்த்துச் சொன்னாள். நான் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அம்மையார் வேறெதையும் கேட்கவில்லை. "எண்பத்திரண்டாம் பக்கம். இது நீங்க எழுதினதா?" என்றார்.

"வாக்கியம் என்னுது. எண் என்னுது இல்லை. வீட்டுக்காரர் பட்டியலை மாத்தி அடுக்கிட்டார். அந்த அளவுக்கு என் உறுதிமொழி பொய்தான். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பார்த்திருக்கணும், பார்க்கலை." குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை, மச்சான். நெறியாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது நிஜத்துல யாரைப் பத்தி எழுதினது?"

அவள் அந்தக் கத்துக்குட்டியின் கட்டுரையைச் சொன்னாள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பையன் மைக்கை ஏன் அங்க வெச்சான்னு யோசிச்சீங்களா? என் கட்டுரையைப் பார்த்துதான் வெச்சான். நான்தான் முதல்ல அப்படி அளந்தேன். தப்புன்னு எனக்கே பின்னாடிதான் புரிஞ்சுது. ஆனா இத்தனை வருஷமா எல்லாரும் அதையே ஆதாரமாக் காட்டறாங்க, ஒருத்தரும் தப்புன்னு எழுதலை. நானும் எழுதலை. மத்த எண்ணையெல்லாம் மாத்துங்க. உறுதிமொழியை உண்மையா திருப்பி எழுதுங்க. இந்த ஒரு எண்ணை மட்டும் மாத்தாதீங்க."

திருத்தங்களைச் செய்து கொடுத்தால் பட்டம் உண்டு என்று முடிவாகிவிட்டது. வெளியே வந்ததும் தங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்து, "நூத்திப் பன்னண்டுல ஒண்ணு சரி" என்றாள். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து டீயைக் குடித்தாள். ஆகவே, மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்பில் நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதி நூற்றுப் பதினொன்றும் அப்படியே இருக்கட்டும்.